மெஷுக்குத் தனிக் கோடு உண்டா? நுரையீரல் ஹெர்னியா சார்ட்டும் ஒரு ஆடிட் தகராறும்

கேள்வி:

மேடம், சென்னையில் ஒரு ஆர்.சி.எம். (மருத்துவ பில்லிங்) கம்பெனியில் இரண்டு வருடமாக சர்ஜரி கோடிங் பார்க்கிறேன், அதாவது ஆபரேஷன் நோட்டைப் படித்து பில்லுக்கான கோடு போடும் வேலை. அமெரிக்க கிளையன்ட். பெரும்பாலும் பித்தப்பை, குடல்வால், வயிற்று ஹெர்னியா சார்ட்டுகள்தான் வரும். போன மாதம் தொராசிக் (மார்பு) சார்ட் இரண்டு என் க்யூவில் விழுந்தன.

முதலாவது: சி.ஓ.பி.டி. (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) உள்ள 60 வயதுக்கு மேற்பட்டவர். கடுமையாக இருமியதில் இடது பக்கம் 9ஆவது விலா முறிந்து, அதற்கு மேல் உள்ள இடைவெளி வழியாக நுரையீரல் பிதுங்கி வந்திருக்கிறது. சர்ஜன் மார்பைத் திறந்து சரிசெய்தார். நான் போட்ட கோடுகள்: 32800 (நுரையீரல் ஹெர்னியா ரிப்பேர்), 21811 (விலா முறிவுக்கு பிளேட்), 15777 (திசுவை வலுவூட்டும் இம்ப்ளான்ட்), 32551 (நெஞ்சு டியூப்), 64420 (விலா நரம்பு பிளாக்). டயக்னோசிஸ் கே46.9 (வயிற்று ஹெர்னியா). ஆடிட்டர் 32800-ஐ மட்டும் விட்டுவிட்டு மற்ற நான்கையும் அடித்துவிட்டார். டயக்னோசிஸும் எரர். எங்கள் டீமில் 95 சதவீதம் குவாலிட்டி வேண்டும். இந்த ஒரே சார்ட்டில் என் ஸ்கோர் விழுந்துவிட்டது.

இரண்டாவது: சிறு வெட்டு வழியாக மைட்ரல் வால்வு ஆபரேஷன் செய்துகொண்டவர். அந்த வெட்டு இருந்த இடத்திலேயே நுரையீரல் பிதுங்கியிருக்கிறது. மார்பைத் திறக்காமல் தொராகோஸ்கோப் (மார்புக்குள் விடும் கேமராக் குழாய்) வழியாகவே மெஷ் (வலை) வைத்து மூடினார்கள். நான் 32800-உடன் 52 மாடிஃபையர் (கோடோடு சேர்க்கும் இரண்டு இலக்கக் குறி) போட்டேன். அதுவும் தப்பாம். 32999 போடச் சொல்கிறார்கள். அது அன்லிஸ்டட் கோடு, அதாவது தனிக் கோடு இல்லாத வேலைக்கான பொதுக் கோடு. அதைப் போட்டால் பணமே வராது என்று டீமில் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

முதல் நோயாளிக்கு 12ஆவது நாள் நெஞ்சில் நீர் கோத்து, வார்டிலேயே டியூப் போட்டிருக்கிறார்கள். அதற்கு பில் போடலாமா? ரீபட்டல் (ஆடிட்டருக்கு மறுப்புக் கடிதம்) அனுப்ப இன்னும் நாள் இருக்கிறது. எதை எதிர்த்து எழுதுவது, எதை விட்டுவிடுவது என்று சொல்லுங்கள்.

பதில்:

ஐந்தில் ஒன்றுக்குச் சண்டை போடுங்கள். 21811-ஐ அடித்ததில் ஆடிட்டர் அவசரப்பட்டுவிட்டார் என்றே உங்கள் விவரத்தைப் படித்தால் தோன்றுகிறது. 15777, 32551, 64420 மூன்றையும் விட்டுவிடுங்கள், அவை உங்கள் தப்பு. டயக்னோசிஸும் உங்கள் தப்புதான். ஆனால் அதை ஜே98.4 என்று திருத்தியதோடு ஆடிட்டர் நிறுத்தியிருந்தால் அவர் வேலையும் பாதிதான் முடிந்திருக்கிறது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

முதலில் கே46.9 எப்படி வந்தது என்று பார்த்துவிடுவோம். நீங்கள் வயிற்று ஹெர்னியா பார்த்துப் பழகியவர். ஹெர்னியா என்றதும் கை தானாகக் கே40 முதல் கே46 வரையுள்ள பகுதிக்குப் போய்விடுகிறது. அந்தப் பகுதி முழுக்க வயிற்றைச் சேர்ந்தது. கே44 உதரவிதானத்து ஹெர்னியா. அதில் வயிற்றுக்குள் இருக்கவேண்டியது மார்புக்குள் ஏறிவிடுகிறது. உங்கள் நோயாளிக்கு நடந்தது வேறு. மார்புக்கூட்டுக்குள் இருக்கவேண்டிய நுரையீரல், விலா இடுக்கு வழியாகத் தோலுக்கு அடியில் வந்து நின்றது. டயக்னோசிஸ் கோடு புத்தகமான ஐ.சி.டி-10-சி.எம். அகரவரிசையில் ஹெர்னியா என்ற தலைப்பின் கீழ் லங் என்று தேடினால் ஜே98.4-க்குக் கொண்டுபோகும். பிறவியிலேயே இருந்தால் க்யூ33.8. ஆபரேஷன் கோடுகளின் தொகுப்பான சி.பி.டி.யிலும் இதே குழப்பம் வரும். உதரவிதான ஹெர்னியாவுக்கு 39540, 39541 என்று தனி வரிசை உண்டு. அதை இந்தச் சார்ட்டில் போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். நீங்கள் அந்தப் பக்கம் போகாமல் 32800-ஐப் பிடித்தது நல்லது. மார்புச்சுவர் வழியாக வந்த நுரையீரல் ஹெர்னியாவைச் சரிசெய்வதற்கென்றே உள்ள கோடு அது.

இந்த நோய் அபூர்வம். 1499-லேயே இதைப் பற்றிய முதல் குறிப்பு இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் மொரெல்-லவாலே என்ற பிரெஞ்சு சர்ஜன் இடத்தையும் காரணத்தையும் வைத்துப் பிரித்தார். கழுத்து, மார்புச்சுவர், உதரவிதானம் என்பது இடம். பிறவி, அடிபட்டது, தானாக வந்தது, நோயால் வந்தது என்பது காரணம். இந்தப் பழைய பிரிவினை நமக்கு இன்றும் உதவும், ஏனென்றால் டயக்னோசிஸ் கோடு காரணத்தைப் பொறுத்து மாறுகிறது. ஆபரேஷன் கோடு காரணத்தைக் கேட்பதில்லை. அது கேட்பது ஒன்றே ஒன்று: திறந்து செய்தார்களா, ஸ்கோப் வழியாகவா?

இப்போது ஆபரேஷன் நோட்டுக்கு வருகிறேன். ஆபரேஷனின் தலைப்பில் சர்ஜன் ஆறேழு வரி எழுதியிருப்பார்: ஹெர்னியா ரிப்பேர், மெஷ் பொருத்துதல், விலா பிளேட்டிங், டியூப் தொராகாஸ்டமி, இன்டர்காஸ்டல் பிளாக். ஒவ்வொரு வரிக்கும் ஒரு கோடு தேடியிருக்கிறீர்கள் என்று உங்கள் பட்டியலே காட்டிக்கொடுக்கிறது. தலைப்பைக் கையால் மூடிக்கொண்டு, கீழே உள்ள விவரத்தை மட்டும் படியுங்கள். ஒவ்வொரு வேலையிலும் ஒரே கேள்வி: இது ஹெர்னியாவை மூடுவதற்காகச் செய்ததா, இல்லை இன்னொரு நோய்க்காகச் செய்ததா? சட்டை தைத்துக் கொடுத்த டெய்லர் நூலுக்கும் பட்டனுக்கும் தனியாகக் காசு கேட்பதில்லை.

மெஷ் ஹெர்னியாவை மூட வைத்தது. 32800-க்குள் அடக்கம். நீங்கள் 15777 போட்டது எதனால் என்று ஊகிக்க முடிகிறது, விளக்கத்தில் ட்ரங்க் (உடலின் நடுப்பகுதி) என்றும் மென்திசு வலுவூட்டல் என்றும் வருகிறது. ஆனால் அந்தக் கோடு பயலாஜிக் இம்ப்ளான்ட்டுக்கு, அதாவது செல் நீக்கிய தோல் திசு போன்றவற்றுக்கு. உங்கள் சார்ட்டில் இம்ப்ளான்ட் ஸ்டிக்கரைப் பாருங்கள், பாலிப்ரொப்பிலீன், பி.டி.எஃப்.இ. என்று இருந்தால் அது செயற்கை மெஷ், 15777-க்கு அங்கே வேலையே இல்லை. வயிற்று இன்சிஷனல் ஹெர்னியாவோடு சேர்த்துப் போட்டுப் பழகிய 49568-ஐயும் 2023-இல் எடுத்துவிட்டார்கள். இந்த வரிசையில் சீனியர்களிடம் கேட்டால் பழைய பழக்கத்தில் அதைச் சொல்லக்கூடும், கவனம்.

32551-இன் விளக்கத்திலேயே 'தனி ப்ரொசீஜர்' என்று எழுதியிருக்கிறது. அதாவது அது மட்டும் தனியாக நடந்தால்தான் பில். மார்பைத் திறந்து வேலை முடித்து மூடும்போது அதே பக்கத்தில் ஒரு டியூப் வைத்துவிட்டு வருவது எல்லா தொராகாட்டமியிலும் உள்ள வழக்கம். எதிர்ப் பக்கத்தில், வேறு காரணத்துக்காக வைத்திருந்தால் பேசலாம். உங்கள் நோட்டில் அப்படி இல்லை.

64420-ஐ சர்ஜனே கொடுத்தாரா என்பதுதான் கேள்வி. திறந்த மார்பில் கண்ணால் பார்த்து விலா நரம்பில் மருந்து செலுத்தியிருப்பார். தன் ஆபரேஷனுக்குத் தானே கொடுக்கும் மயக்கமருந்துக்கு மெடிகேர் (அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடு) தனியாகத் தராது. அனஸ்தீசியா டாக்டர், சர்ஜன் கேட்டதன் பேரில், ஆபரேஷனுக்குப் பிந்தைய வலிக்காகத் தனியாக பிளாக் போட்டிருந்தால் அது அவருடைய க்ளெய்மில் வரும், உங்கள் க்ளெய்மில் இல்லை.

அடுத்து 21811. ஆடிட்டர் எழுதிய காரணம் "விலாவைச் சேர்த்து மூடுவது ஹெர்னியா ரிப்பேரில் அடக்கம்" என்பதாக இருக்கவேண்டும். பொதுவாக அது சரியே. நுரையீரலை உள்ளே தள்ளி, பையை எடுத்துவிட்டு, மேல் விலாவையும் கீழ் விலாவையும் கெட்டியான தையலாலோ கம்பியாலோ சுற்றி நெருக்கிக் கட்டுவார்கள். அது இடுக்கை அடைக்கும் வேலை; அதற்கு 21811 போட்டால் தப்பு. உங்கள் சார்ட்டில் நடந்தது அதுவா? நோட்டில் இந்த மூன்று விஷயம் இருக்கிறதா என்று விரலை வைத்துத் தேடுங்கள். 9ஆவது விலா முறிந்திருந்தது என்று சர்ஜன் கண்டறிந்ததாக எழுதியிருக்கவேண்டும். முறிந்த முனைகளை நேராக்கிப் பொருத்தியதாக எழுதியிருக்கவேண்டும். பிளேட்டும் ஸ்க்ரூவும் அந்த முறிவின் குறுக்கே, அதே விலாவில் போட்டதாக இருக்கவேண்டும். மூன்றும் இருந்தால் அது எலும்பு முறிவுக்கான உள்பொருத்தல். ஹெர்னியா இல்லாத நோயாளிக்கும் அந்த வேலையைச் செய்திருப்பார். 21811 ஒரு பக்கத்தில் 1 முதல் 3 விலா வரை. 4 முதல் 6 வரை 21812, 7-உம் அதற்கு மேலும் என்றால் 21813. உங்களுக்கு ஒரே விலா, ஆகவே கோடு தேர்வு சரி.

ஒரு பிளேட் 8ஆவது விலாவுக்கும் 9ஆவதுக்கும் பாலம் போல வைக்கப்பட்டிருந்தால் கதை மாறிவிடும். அது இடுக்கை அடைக்கத்தான். அப்போது ஆடிட்டர் பக்கமே நியாயம்.

ரீபட்டல் எழுதுவதற்கு முன் இன்னொரு வேலை. ஆபரேஷன் நடந்த தேதி எந்தக் காலாண்டில் வருகிறதோ அந்தக் காலாண்டின் என்.சி.சி.ஐ. பட்டியலை (எந்தெந்தக் கோடுகளைச் சேர்த்துப் போடக்கூடாது என்ற மெடிகேர் பட்டியல்) எடுத்து 32800-ஐயும் 21811-ஐயும் ஜோடியாகத் தேடுங்கள். பட்டியல் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது; இன்றைய பட்டியலை வைத்துப் போன காலாண்டுச் சார்ட்டுக்கு வாதாடினால் முதல் வரியிலேயே தோற்றுவிடுவீர்கள். ஜோடி இல்லையென்றால் இரண்டையும் பில் போடலாம். ஜோடி இருந்து இண்டிகேட்டர் 0 என்றால் பேச்சே இல்லை, விட்டுவிடுங்கள். 1 என்றால் மாடிஃபையருக்கு இடம் உண்டு, ஆனால் 59 (இது தனி வேலை என்று காட்டும் மாடிஃபையர்) என்பது அந்தத் தடையைத் தாண்டும் கள்ளச்சாவி இல்லை. தனி வேலை என்று நோட்டு சொன்னால்தான். அதே வெட்டு, அதே பக்கம் என்பதை ஆடிட்டர் கேட்பார், பதில் கையில் இருக்கட்டும்.

டயக்னோசிஸில் மீதிப் பாதி என்று சொன்னேன். 21811 க்ளெய்மில் நின்றால் அதற்கு ஒரு முறிவு டயக்னோசிஸ் வேண்டும். க்ளெய்ம் படிவத்தின் 24இ கட்டத்தில் இரண்டு ப்ரொசீஜருக்கும் ஜே98.4-ஐயே சுட்டினால் விலா பிளேட்டிங் டீனை ஆக, அதாவது பணம் மறுக்கப்பட, வாய்ப்பு அதிகம். எந்த முறிவுக் கோடு? ஆள் கீழே விழவில்லை, வண்டியில் அடிபடவில்லை, இருமினார். இருமலில் விலா முறிந்தால் எஸ்22.32 என்று அடிபட்ட முறிவாகப் போடலாமா, அழுத்த முறிவா, நோயால் பலவீனமான எலும்பா? இதை நாம் முடிவு செய்யக்கூடாது. சி.ஓ.பி.டி. நோயாளி பல வருடம் ஸ்டீராய்டு எடுத்திருக்கலாம். ஆஸ்டியோபோரோசிஸ் இருப்பதாகச் சார்ட்டில் எங்காவது எழுதியிருந்தால் கைட்லைன்படி எம்80 பக்கம் போகவேண்டும். ஆரோக்கியமான எலும்பை முறிக்காத சின்ன அடி என்றாலும் அப்படித்தான். ஒன்றும் எழுதவில்லை என்றால் சர்ஜனுக்குக் குவெரி அனுப்புங்கள். கேள்வியை "இது பேதாலஜிக்கல் முறிவுதானே?" என்று பதிலையும் சேர்த்துக் கேட்காதீர்கள். "9ஆவது விலா முறிவின் வகையையும் காரணத்தையும் குறிப்பிடவும்" என்று கேட்டு, தேர்வுகளில் அடிபட்டது, அழுத்த முறிவு, நோயால் வந்தது, வேறு, தீர்மானிக்க இயலவில்லை என்று எல்லாவற்றையும் கொடுங்கள். பதில் வரும்வரை க்ளெய்மை ஹோல்டில் வைக்கச் சொல்லுங்கள். டார்கெட் நெருக்கும், தெரியும். ஆனாலும் வைக்கவேண்டும்.

பதில் அடிபட்ட முறிவு என்று வந்தால், சிகிச்சைக் கட்டத்தைக் காட்டும் ஏழாவது எழுத்து ஏ. முறிந்து நாளாகிவிட்டதே, டி (ஆறிவரும் கட்டம்) போடலாமா என்று குழம்பவேண்டாம். நாள் கணக்கு பார்ப்பதில்லை. ஆபரேஷன் என்பது நேரடி சிகிச்சை, ஆகவே ஏ. எலும்பு ஒட்டாமல் போனதால் பிளேட் வைத்தார் என்று இருந்தால் கே. அந்த நிலையில் 21811 பொருந்துமா என்ற கேள்வியும் கூடவே எழும், ஏனென்றால் அந்த வரிசை முறிவு சிகிச்சைக்கானது. ஒட்டாத விலாவுக்கு 21899 என்ற அன்லிஸ்டட் கோடு பக்கம் போகவேண்டிவரும். சி.ஓ.பி.டி.யை ஜே44.9 என்று சேருங்கள். இருமலைத் தனியாகப் போடாதீர்கள், அது அதன் அறிகுறி. புகை பழக்கம் எழுதியிருந்தால் அதையும் சேர்க்கவேண்டும்.

இரண்டாவது சார்ட்டுக்கு வருவோம். 32800 திறந்து செய்வதற்கு. தொராகோஸ்கோப் வழியாக நுரையீரல் ஹெர்னியா மூடுவதற்குத் தனிக் கோடு சி.பி.டி.யில் இல்லை. கிட்டத்தட்டப் பொருந்துகிற கோடைத் தேர்ந்தெடுக்காதே, சரியானது இல்லையென்றால் அன்லிஸ்டட் போடு என்பது சி.பி.டி. புத்தகத்தின் முன்னுரையிலேயே இருக்கும் விதி. 52 என்றால் வேலையைக் குறைத்துச் செய்தார் என்று பொருள். இங்கே எதுவும் குறையவில்லை. ஹெர்னியா முழுதாகத்தான் மூடப்பட்டது, வழிதான் வேறு. ஆகவே 32999. இதில் ஆடிட்டர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி, ரீபட்டல் வேண்டாம்.

அன்லிஸ்டட் போட்டால் பணம் வராது என்பது சோம்பேறித்தனத்தில் பிறந்த பேச்சு. வெறும் 32999-ஐ மட்டும் அனுப்பினால் வராது, உண்மைதான். அந்தக் கோடுக்கு ஆர்.வி.யு. (கட்டணத்தைக் கணக்கிடும் அலகு) கிடையாது, பணம் கொடுப்பவரே விலை வைக்கவேண்டும். விலை வைக்க அவருக்கு ஏதாவது கொடுக்கவேண்டுமே. சி.எம்.எஸ்-1500 படிவத்தின் 19ஆவது கட்டத்தில், எலக்ட்ரானிக் என்றால் அதற்கான குறிப்பு இடத்தில், என்ன செய்தார்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். கூடவே ஆபரேஷன் நோட்டும், சர்ஜன் கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதமும். கடிதத்தில் ஒப்பீட்டுக் கோடாக 32800-ஐச் சொல்லி, எது ஒத்திருக்கிறது, எது கூடுதல், எது குறைவு என்று எழுதவேண்டும்: எவ்வளவு நேரம் ஆனது, ஒட்டிக்கொண்டிருந்த நுரையீரலைப் பிரிக்க எவ்வளவு சிரமப்பட்டார்கள், ஓட்டை எத்தனை சென்டிமீட்டர், மெஷ்ஷை எப்படிப் பொருத்தினார்கள். இந்தக் கடிதத்தை எழுதுவது பில்லர்தான், சர்ஜன் திருத்திக் கையெழுத்துப் போடுவார். ஒரு டெம்ப்ளேட் செய்து வைத்துக்கொண்டால் அடுத்த முறை கால் மணி நேர வேலை. அன்லிஸ்டட் கோடோடு 22 (கூடுதல் வேலை), 52 போன்ற மாடிஃபையர்களைப் போடாதீர்கள். அளவே இல்லாத ஒன்றைக் கூட்டவும் குறைக்கவும் முடியாது.

ஸ்கோப்பில் ஆரம்பித்து, முடியாமல் திறந்திருந்தால் என்ன? திறந்த கோடு மட்டும், அதாவது 32800. டயக்னோசிஸில் இசட்53.32-ஐச் சேர்க்கவேண்டும். உள்ளே எட்டிப்பார்த்ததற்கு 32601 தனியாகக் கேட்காதீர்கள்.

இந்த நோயாளியின் டயக்னோசிஸ் கொஞ்சம் நுட்பமானது. வால்வு ஆபரேஷன் வெட்டின் இடத்தில் வந்த ஹெர்னியா என்பதால் ஆபரேஷன் சிக்கல் என்று ஜே95.89 போடத் தோன்றும். சிக்கல் என்று போட, ஆபரேஷனால் வந்தது என்ற தொடர்பை டாக்டர் எழுதியிருக்கவேண்டும். "தொராகாட்டமிக்குப் பிந்தைய" என்பது காலத்தை மட்டும் சொல்கிறதா, காரணத்தையும் சொல்கிறதா என்பதில் ஆடிட்டர்கள் இரு அணியாகப் பிரிந்து நிற்பார்கள். குவெரி போட்டுக் கேட்டுவிடுவது மேல். தொடர்பு உறுதியானால் ஜே95.89 முதலில், கூடவே ஜே98.4. இல்லையென்றால் ஜே98.4 மட்டும்.

12ஆவது நாள் டியூப்: 32800-க்கு 90 நாள் குளோபல், அதாவது அந்த 90 நாள் பின்கவனிப்பும் ஆபரேஷன் கட்டணத்திலேயே அடக்கம். மெடிகேர் நோயாளி என்றால், சிக்கலுக்காக மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனால்தான் 78 மாடிஃபையரோடு பில். வார்டில் படுக்கையிலேயே போட்ட டியூப் அந்த 90 நாளுக்குள் அடக்கம், அதே சர்ஜனோ அதே குரூப்பில் அதே ஸ்பெஷாலிட்டி டாக்டரோ போட்டிருந்தால் காசு கிடையாது. ரேடியாலஜி டாக்டர் போட்டிருந்தால் அது அவருடைய பில். தனியார் இன்ஷூரன்ஸ் என்றால் அவர்கள் மெடிகேர் விதியைப் பின்பற்றுகிறார்களா, சி.பி.டி. விதியையா என்று கிளையன்ட்டிடம் கேளுங்கள். சி.பி.டி. கணக்கில் சிக்கலுக்கான சிகிச்சை குளோபலில் சேராது, அப்படிப்பட்ட இடத்தில் பில் போட வழி உண்டு.

நீங்கள் பார்ப்பது டாக்டர் பக்கத்து க்ளெய்ம் என்று எடுத்துக்கொண்டு இவ்வளவும் சொன்னேன். அதே நோயாளிக்கு ஆஸ்பத்திரி பக்கத்து இன்பேஷன்ட் க்ளெய்மும் உங்கள் டீமில் வந்தால் 32800 அங்கே செல்லாது, ஐ.சி.டி-10-பி.சி.எஸ். வேண்டும். மெஷ் வைத்திருந்தால் அங்கே ரிப்பேர் இல்லை, சப்ளிமெண்ட் என்ற ரூட் ஆபரேஷன், உடல்பகுதி மார்புச்சுவர்.

ரீபட்டலை நீட்டாமல் இப்படி எழுதுங்கள்: "15777, 32551, 64420, கே46.9 ஆகியவற்றின் திருத்தத்தை ஏற்கிறேன். 21811-ஐ மறுபரிசீலிக்கக் கோருகிறேன். ஆபரேஷன் நோட்டின் இந்தப் பத்தியில் 9ஆவது விலா முறிவைக் கண்டறிந்து, முனைகளைப் பொருத்தி, பிளேட் ஸ்க்ரூவால் நிலைநிறுத்தியதாக உள்ளது. இது ஹெர்னியா இடுக்கை மூடிய தையலிலிருந்து வேறானது. அந்தத் தையல் அடுத்த பத்தியில் தனியாக விவரிக்கப்பட்டுள்ளது. சேவைத் தேதிக்கான என்.சி.சி.ஐ. பட்டியல் இணைப்பில். முறிவின் வகை குறித்து சர்ஜனுக்குக் குவெரி அனுப்பப்பட்டுள்ளது." பத்தி எண்ணையும் வரியையும் நீங்களே நிரப்புங்கள். அந்த இரண்டு பத்தியும் நோட்டில் தனித்தனியாக இல்லை என்று தெரிந்தால், ரீபட்டலை அனுப்பவே வேண்டாம்.